நடு ஸ்பீக்கருக்கு அவசரம் வேண்டாம்

கொட்டகலையிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கத்தாரிலிருந்து வந்த மச்சான் ஒரு 5.1 ரிசீவரைக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று ஆண்டுக்கு முன் நான் வாங்கிய சிறிய ஸ்பீக்கர் ஒரு சோடி இருக்கிறது. கையில் எண்பதாயிரம் ரூபா. புறக்கோட்டையில் வேறு கம்பனியின் சென்டர் ஸ்பீக்கர் ஒன்றைப் பார்த்துவைத்திருக்கிறேன். என்னுடையது 100 வாட்ஸ், அது 150 வாட்ஸ். பொருந்துமா? பழைய டிவிடி செட்டின் சின்ன ஸ்பீக்கர்களையும் சப்வூஃபரையும் இதோடு இணைக்கலாமா? படமும் பார்ப்போம், பாட்டும் கேட்போம். லயத்தில் (ஒட்டிக் கட்டிய தோட்டத்து வரிசை வீடுகளில்) நடு வீடு, தகரக் கூரை, அறை பன்னிரண்டுக்குப் பத்து."

அந்த சென்டரை வாங்காதீர்கள். அதற்குக் காரணம் வாட்ஸ் அல்ல. புதியவர்களுக்கு ஒரு வரி: 5.1 என்றால் முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, தாழ்ந்த ஒலிக்கென்று தனியே ஒரு சப்வூஃபர். முன் மூன்றில் நடுவில் நின்று வசனத்தைப் பேசுவதுதான் சென்டர். எல்லாவற்றையும் ஓட்டும் பெட்டி ரிசீவர்.

பெட்டியின் பின்புறம் போட்டிருக்கும் வாட்ஸ், ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்பதற்கான எண். முப்பது கிலோ தாங்கும் சாக்கு என்றால் அதற்குள் முப்பது கிலோ கொழுந்து இருக்கிறது என்று ஆகிவிடாது. எவ்வளவு சத்தம் வரும் என்பதைச் சொல்வது டெசிபெல் கணக்கில் தரப்படும் உணர்திறன். 85 டெசிபெல் ஸ்பீக்கர் ஒன்று 90 டெசிபெல் ஸ்பீக்கரின் சத்தத்தை எட்ட மூன்று மடங்குக்கும் சற்று அதிகமான சக்தி வேண்டும். அட்டைப் பெட்டியில் ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கும் பி.எம்.பி.ஓ. வாட்ஸைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். அது விற்பவருக்கான எண்.

ஆனால் ஒன்று கூடுதலாகவும் மற்றது குறைவாகவும் ஒலிப்பது பெரிய தொல்லை அல்ல. ரிசீவரின் அமைப்புப் பக்கத்தில் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனித்தனியே கூட்டிக் குறைத்துச் சமன்செய்துவிடலாம். சமன்செய்ய முடியாதது குரல். பெட்டிக்குள் உயர்ந்த ஒலியைத் தரும் சின்னப் பகுதிக்கு ட்வீட்டர் என்று பெயர். துணிபோன்ற மென்மையான குமிழ் ட்வீட்டர் ஒரு தொண்டையில் பேசும். கூம்பு வாய் வைத்த ட்வீட்டர் வேறொரு தொண்டையில் பேசும். ரிசீவரோடு வரும் சின்ன மைக் இதை ஓரளவு சீர்செய்யும், முழுவதும் அல்ல. திரையில் நடப்பவற்றைச் சுமப்பவை முன்பக்கத்து மூன்று ஸ்பீக்கர்கள். அவை மூன்றும் ஒரே தொண்டையில் பேச வேண்டும்.

இதைக் காதாலேயே பார்த்துவிடலாம். ரிசீவரில் சோதனை ஒலி என்று ஒன்று இருக்கும். "ஷ்ஷ்" என்று ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். இடப்புறம் தகரத்தில் விழும் மழைபோலவும் நடுவில் தேயிலைச் செடியில் விழும் மழைபோலவும் கேட்டால், அவை இரண்டும் என்றைக்கும் சேராது. கடையில் ரிசீவர் இல்லாவிட்டால், அம்மா பேசுவதையோ திருவிழாவில் தப்பு அடிப்பதையோ கைத்தொலைபேசியில் பதிவுசெய்துகொண்டு போங்கள். நாளாந்தம் கேட்டுப் பழகிய ஒலியில் காது ஏமாறுவதில்லை. புதுப் பாட்டைப் போட்டுக் காட்டினால் எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கும்.

பத்து ஆண்டுக்கு முன் நானும் இதே தவறைச் செய்தேன். ஹட்டனில் நாள் முழுவதும் ரேடியோவும் அம்ப்ளிஃபயரும் திறந்து பழுது பார்ப்பவன், வீட்டுக்கு ஒரு மலிவு சென்டரைத் தூக்கிக்கொண்டு போனேன். அன்று பார்த்த படத்தில் ரயில் ஒன்று இடமிருந்து வலமாகப் போனது. நடுவுக்கு வந்ததும் அதன் சத்தம் தகர டப்பாவுக்குள் புகுந்து வெளியே வந்ததுபோல் இருந்தது. "நடுவில் ரெண்டு பெட்டியைக் கழற்றிவிட்டார்களா?" என்றாள் மனைவி. ரயில் பாதை ஓரத்தில் வளர்ந்தவள். அடுத்த வாரமே அதை விற்றுவிட்டேன்.

அப்படியானால் என்ன செய்வது? முதலில், செலவில்லாத வழி. ரிசீவரில் "சென்டர் இல்லை" என்று மாற்றுங்கள். வசனம் இரண்டு முன் ஸ்பீக்கர்களுக்கும் சமமாகப் பிரிந்து போகும். நடுவில் உட்கார்ந்தால் திரையிலிருந்தே பேசுவதுபோல் கேட்கும். ஸ்பீக்கர்களுக்கு இடையே ஆறு அல்லது ஏழு அடி விடுங்கள். நீங்கள் உட்காரும் இடமும் ஒவ்வொன்றிலிருந்தும் ஏறத்தாழ அதே தூரத்தில் இருக்கட்டும். ட்வீட்டர் காது உயரத்தில் நிற்க வேண்டும். அலுமாரியின் உச்சியில் ஏற்றிவைத்துவிட்டு, மழை வந்தால் வசனம் விளங்கவில்லை என்று குறைப்படுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தகரக் கூரையை எந்த ஸ்பீக்கராலும் வெல்ல முடியாதுதான். ஆனால் காதுக்கு நேரே வைத்தால் பாதிச் சண்டை குறையும்.

இந்த வழிக்கு ஒரு குறை உண்டு. ஓரத்தில் உட்காருபவருக்கு வசனம் முழுவதும் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்தே வருவதுபோல் இருக்கும். ஆகவே உங்கள் வீட்டில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பாருங்கள். இருவர் மூவர் நடுவில் நெருக்கி உட்காருவதானால் சென்டரே தேவையில்லை. கதவோரக் கதிரையை அப்பா விட்டுக்கொடுக்கமாட்டார் என்றால் சென்டர் வேண்டும்.

அப்போது வாங்க வேண்டியது, உங்களிடம் இருப்பதன் அதே மாடலில் இன்னொரு சோடி. பெரும்பாலும் தனியாக ஒன்றை விற்கமாட்டார்கள், சோடியாகத்தான் தருவார்கள். ஒன்றைத் தொலைக்காட்சிக்குக் கீழே நிமிர்த்தி வையுங்கள். மற்றது உதிரியாக இருக்கட்டும். சென்டர் வேண்டாம் என்று முடிவெடுத்தால் அந்தச் சோடியையே பின்னால் போட்டுவிடலாம். எனக்குப் பிடித்த ஏற்பாடு இந்த இரண்டாவதுதான், நான்கும் ஒரே குரலில் பேசும். நிமிர்த்தி வைக்க உயரம் போதாவிட்டால் அதே வரிசையில் வரும் படுக்கை சென்டரை எடுங்கள். தாழ்ந்த ஒலியைத் தரும் இரண்டு பெரிய கூம்புகளுக்கு, அதாவது வூஃபர்களுக்கு, நடுவே ட்வீட்டர் இருக்கும் அந்த வகையில், பக்கவாட்டில் உட்காருபவருக்குச் சில ஒலிகள் ஒன்றையொன்று அடித்து மெலியும். இருந்தாலும் வேறு கம்பனிப் பெட்டியைவிட அது மேல். உங்கள் மாடல் சந்தையிலேயே இல்லையென்றால், பழைய சோடியை விற்று, தொடர்ந்து கிடைக்கும் வரிசை ஒன்றில் புதிய சோடி வாங்குங்கள். பாட்டுக் கேட்பதற்கு முன் இரண்டுதான் எல்லாம். எண்பதாயிரத்தில் பெரும் பகுதி அவற்றுக்கே போனாலும் நட்டமில்லை. பின் ஸ்பீக்கர்கள் முன்னவற்றோடு அச்சொட்டாகப் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காதுக்கு நேர்ப் பக்கத்திலிருந்து சற்றே பின்தள்ளி வைத்தால் போதும்.

டிவிடி செட்டுக்கு வருவோம். அந்தச் சின்ன ஸ்பீக்கர்களின் பின்புறம் எத்தனை ஓம் (மின்தடையின் அளவு) என்று பாருங்கள். அப்படிப்பட்ட செட்டுகளில் 3 அல்லது 4 ஓம் சாதாரணம். உங்கள் ரிசீவரின் பின்புறம் குறைந்தபட்சம் 6 அல்லது 8 என்று அச்சிட்டிருக்கும். அதைவிடக் குறைந்ததை மாட்டினால் ரிசீவர் சூடேறித் தானாகவே அணையும். அல்லது என் மேசைக்கு வரும். சப்வூஃபரில் மின்சார வயர் தனியாக இருக்கிறதா? இல்லையென்றால் அதற்குள் அம்ப்ளிஃபயர் இல்லை. ரிசீவரின் சப்வூஃபர் துளையிலிருந்து வருவது மெலிந்த சமிக்ஞை மட்டுமே, அதை நேரே கொடுத்தால் மூச்சுக்கூட விடாது.

உண்மையைச் சொன்னால், நடு வீட்டுக்குச் சப்வூஃபரே வேண்டாம் என்பேன். தாழ்ந்த ஒலியைப் பொதுச் சுவர் தடுக்காது. பன்னிரண்டு அடி நீள அறை ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸில் தானாகவே கும்மென்று அதிரும். விடியற்காலையில் கொழுந்துக்குப் போக எழும்ப வேண்டிய அடுத்த வீட்டு அக்கா இரவு பத்து மணிக்கு அதைக் கேட்கத்தான் செய்வார். ரிசீவரில் "சப்வூஃபர் இல்லை" என்றும், முன் ஸ்பீக்கர்களைப் "பெரியது" என்றும் குறித்துவிட்டால் தாழ்ந்த ஒலி அவற்றுக்கே போய்விடும். நாற்காலியைப் பின்சுவரிலிருந்து இரண்டு அடி முன்னே இழுங்கள், அந்தக் கும்மலும் தணியும். பிறகு தனி வீட்டுக்குக் குடிபோனால் ஒரு சப்வூஃபர் வாங்கி, முன் ஸ்பீக்கர்களைச் "சிறியது" என்று மாற்றி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை அதற்குப் பிரித்துவிடலாம்.

பாவித்த சாமான் வாங்குவதானால் மூன்று பார்வை. வூஃபரின் விளிம்பை விரல் நுனியால் மெல்லத் தொடுங்கள். ஸ்பொஞ்ச் விளிம்பு என்றால் வயது ஏற ஏறப் பொடியாய் உதிரும். ரப்பர் விளிம்பே நம் பனிக்கும் ஈரத்துக்கும் தாக்குப்பிடிக்கும். கூம்பின் இரு பக்கமும் விரல் வைத்துச் சமமாக அழுத்திவிடுங்கள். உள்ளே கறகறவென்று உரசினால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். பெட்டியின் அடி ஊதியிருந்தால் அந்த அமுக்குப் பலகை ஈரம் குடித்துவிட்டது. மலிவாகக் கிடைக்கிறதென்று ஜப்பானிலிருந்து வந்த ரிசீவரையோ சப்வூஃபரையோ எடுத்தால் அதன் பின்புறம் 100 வோல்ட் என்று இருக்கும். நமது 230 வோல்ட்டில் நேரே செருகினால் ஒரு நொடிதான். டிரான்ஸ்ஃபோமர் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

வயருக்குக் காசைக் கொட்ட வேண்டாம். இந்த அளவு அறைக்கு, வீட்டு வயரிங்குக்குப் போடும் ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் செப்பு வயரே தாராளம். நுனி பச்சை பூத்தால் வெட்டிப் புதிதாகச் சீவி மாட்டுங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி தொடங்கியதும் ரிசீவரின் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது, டிஷ் அன்டெனா வயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாக வந்து எச்.டி.எம்.ஐ. துளையைக் கருக்கிய ரிசீவர்கள் இப்போதும் என் மேசைக்குக் கீழே கிடக்கின்றன.

உங்கள் ஸ்பீக்கரின் மாடல் எண்ணை எழுத மறந்துவிட்டீர்கள். வயர் மாட்டும் இடத்துக்கு மேலே சின்னத் தகட்டில் இருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்பினால், அதே வரிசையில் என்ன கிடைக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.