எமர்ஜென்சி மெடிசினை ரேங்க் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா?

ரெசிடென்சி (டாக்டர்களுக்கான சிறப்புத் துறைப் பயிற்சி) இடங்களுக்கு விருப்ப வரிசையில் கொடுக்கும் ரேங்க் பட்டியலிலிருந்து எமர்ஜென்சி மெடிசினை (அவசர சிகிச்சைத் துறையை) எடுத்துவிடலாமா, 2030-இல் அமெரிக்காவில் அதில் வேலையே இருக்காதே என்று பயந்து கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பயம் 2021-இல் வந்த கணிப்பால் கிளம்பியது: 2030-இல் சுமார் 8,000 எமர்ஜென்சி மருத்துவர்கள் உபரியாக இருப்பார்கள் என்று. ஆனால் ஆண்டுக்கு 3 சதவீதம் பேர்தான் துறையை விட்டுப் போவார்கள் என்பது அதன் அனுமானம். பிந்தைய ஆய்வில் போகிறவர்கள் 5 சதவீதத்துக்கும் மேல், அதனால் உபரி அந்த அளவு இருக்காது. ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் மேட்சில், 2023-இல் இந்தத் துறையில் 550-க்கு மேல் இடங்கள் நிரம்பவில்லை, 2024-இல் அது 135 ஆகக் குறைந்தது, அதாவது ஆட்கள் திரும்பி வருகிறார்கள். அதனால் துறையை விடாதீர்கள்.

எனக்கு உறுத்துவது உங்கள் பட்டியலில் இருப்பதாக நீங்கள் சொன்ன, கார்ப்பரேட் நிறுவனம் நடத்தும் அந்தப் புது ரெசிடென்சி புரோகிராம்தான். லாபத்துக்கு நடத்துபவர்களுக்கு ரெசிடென்ட் (பயிற்சி டாக்டர்) என்றால் குறைந்த சம்பளத்தில் கிடைக்கும் ஆள், பயிற்சி கொடுப்பதற்காக மெடிகேர் (அரசின் மருத்துவக் காப்பீடு) தரும் பணம் வேறு. ட்ராமாவும் (விபத்துக் காயங்கள்) குழந்தைகள் கேஸும் எவ்வளவு வருகின்றன, ஒரு ரெசிடென்ட் எத்தனை இன்ட்யூபேஷன் (மூச்சுக்குழாயில் குழாய் பொருத்துவது) செய்கிறார் என்று அங்கே படிக்கும் சீனியர்களிடமே கேளுங்கள். மழுப்பினார்களா? சரி, பட்டியலில் கீழே தள்ளுங்கள்.