கால் போனால் வேலையும் போய்விடுமா?

கேள்வி: அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றில் 14 ஆண்டுகளாக ஓட்டுநராக இருக்கிறேன். விடுப்பில் இருந்தபோது நடந்த விபத்தில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஓட்டுநர் பணிக்குத் தகுதியில்லை என்று மருத்துவக் குழு எழுதிவிட்டது. பணிமனையில் விருப்ப ஓய்வுப் படிவத்தை நீட்டி, "டூட்டியில் நடந்த விபத்து இல்லையே, வேறு வழியில்லை" என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். அந்தப் படிவத்தில் "என் சொந்த விருப்பத்தின் பேரில்" என்றொரு வரி இருக்கும். நாளை நீங்கள் நீதிமன்றம் போனால், எதிர்த்தரப்பு முதலில் காட்டுவது அதைத்தான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 20(4) உங்களுக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது. பணிக்காலத்தில் ஊனமடைந்த ஊழியரை அரசு நிறுவனம் வேலையைவிட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலை செய்ய முடியாவிட்டால் அதே ஊதிய விகிதத்திலும் பணிப்பயன்களிலும் வேறு பணி தர வேண்டும். காலியிடம் இல்லையென்றால், தகுந்த இடம் கிடைக்கும் வரையோ ஓய்வு பெறும் வயது வரையோ கூடுதல் பணியிடம் உருவாக்கி அதில் வைத்திருக்க வேண்டும். விபத்து டூட்டியில்தான் நடந்திருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு சொல்கூட இல்லை. பணிமனையில் சொன்னது தவறு.

பழைய 1995 சட்டத்திலும் இதே பாதுகாப்பு இருந்தது. காலை இழந்த காவலர் குணால் சிங்கின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003இல் தெளிவாகச் சொன்னது: இயலாமை ஓய்வூதியம் கொடுத்துவிட்டோம் என்று காட்டி இந்தப் பாதுகாப்பை மறுக்க முடியாது. (தனியார் நிறுவன ஊழியர்களுக்கு 20ஆம் பிரிவு பொருந்தாது. சட்டத்தின் இந்தக் குறை எனக்கு நெடுநாள் வருத்தம்.)

மாற்றுப் பணி கேட்டு மேலாண்மை இயக்குநருக்கு இன்றே மனு எழுதுங்கள். மருத்துவக் குழு அறிக்கை, ஊனச் சான்றிதழ் நகல்களை இணைத்து, ஒப்புகை அட்டையுடன் தபாலில் அனுப்புங்கள். பிரிவு 23இன்படி நிறுவனத்தில் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். பதிவான புகாரை அவர் இரண்டு வாரத்தில் விசாரிக்க வேண்டும். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும் முறையிடலாம். ஆனால் அவர் தருவது பரிந்துரைதான். ஆகவே, பணிநீக்க உத்தரவு வந்தாலோ மனுவுக்குப் பதிலே வராவிட்டாலோ தாமதிக்காமல் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யுங்கள். வேலையில்லாமல் உட்கார வைத்த நாட்களுக்கான சம்பளத்தையும் அதிலேயே கேளுங்கள்.