பிடித்த முயலும் அதன் கண்ணும்

கேள்வி: விலங்கு உரிமை அமைப்புகள், தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கின்றன. கோஷம் போட்டதைத் தவிர இதுவரை என்ன சாதித்தார்கள்?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: முயலை நீங்களே கொண்டுவந்துவிட்டீர்கள். கால் இருக்கட்டும், கண்ணைப் பார்ப்போம்.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் இருந்த ஜான் டிரேஸ் ஒரு பொருள் கண்ணைக் கெடுக்குமா என்று பார்க்க 1944-இல் ஒரு சோதனையை வகுத்தார். வெள்ளை முயலின் கீழ் இமையை இழுத்துப் பை போலாக்கி, சோதிக்கவேண்டிய திரவத்தில் 0.1 மில்லியை அதில் விட்டு, ஒரு விநாடி இமையை மூடிப் பிடிப்பார்கள். மறு கண் ஒப்பிட்டுப் பார்க்க. 1, 24, 48, 72 மணி நேரத்தில் கண்ணைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள்: கார்னியாவுக்கு (கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலம்) 80, ஐரிஸுக்கு (பாவையைச் சுற்றிய நிற வளையம்) 10, கண்வெண்மையைப் போர்த்திய சவ்வுக்கு 20, ஆக மொத்தம் 110. புண் ஆறுகிறதா என்று 21 நாள் வரை வைத்திருப்பார்கள்.

ஏன் முயல்? விலை குறைவு, சாது, பெரிய கண். கண்ணீர் குறைவாகச் சுரக்கும், இமைப்பதும் குறைவு. விட்ட மருந்து கழுவிக்கொண்டு போகாது. சோதிப்பவருக்கு வசதியான இந்தக் குணமே சோதனையின் ஓட்டை. நம் கண் அப்படி இல்லையே! மதிப்பெண்ணும் பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது. 1971-இல் வீல், ஸ்காலா என்ற இருவர் இருபதுக்கு மேற்பட்ட ஆய்வகங்களில் ஒரே பொருள்களைச் சோதிக்கச் செய்தார்கள். ஒரு ஆய்வகம் கடும் எரிச்சல் என்றதை இன்னொன்று சாதாரணம் என்றது.

தமிழில் முயல் என்பது விலங்கின் பெயர் மட்டுமில்லை, ‘முயற்சி செய்’ என்ற ஏவலும்தான். அப்படி முயன்றவர் ஹென்றி ஸ்பைரா. கப்பலில் வேலை பார்த்தவர், பிறகு நியூயார்க்கில் பள்ளி ஆசிரியர். அவர் ‘எல்லா விலங்குச் சோதனையையும் நிறுத்து’ என்று கிளம்பவில்லை. இந்த முயல் கண் சோதனை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். ரெவ்லான் என்ற ஒப்பனைப்பொருள் நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொண்டார். கேட்டதும் ஒன்றுதான்: மொத்த விற்பனையில் ஒரு சதவீதத்தின் நூறில் ஒரு பங்கை, அதாவது 0.01 சதவீதத்தை, மாற்றுச் சோதனை கண்டுபிடிக்கக் கொடுங்கள். முதலில் தனியே பேசினார். ஓராண்டுக்கு மேல் பேசியும் அசையாததால், 1980 ஏப்ரல் 15 அன்று நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் வந்தது: அழகுக்காக ரெவ்லான் எத்தனை முயல்களைக் குருடாக்குகிறது? பின்னால் சுமார் 400 அமைப்புகள் நின்றன. அந்த டிசம்பரிலேயே ராக்ஃபெல்லர் பல்கலைக்கழக ஆய்வுக்கு ரெவ்லான் 7,50,000 டாலர் ஒதுக்கியது. மறு ஆண்டு மற்ற ஒப்பனைப்பொருள் நிறுவனங்களின் பணத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இதற்கென்றே ஒரு மையம் வந்தது. உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். கோஷத்துக்குள் ஒரு தொகையும் ஒரு முகவரியும் இருந்ததால் அது பலித்தது.

இன்று என்ன செய்கிறார்கள்? இறைச்சிக்கூடத்தில் கழிக்கும் மாட்டுக் கண்ணிலிருந்து கார்னியாவை எடுத்து ஒரு தாங்கியில் பொருத்தி, 32 டிகிரியில் 0.75 மில்லி திரவத்தைப் பத்து நிமிடம் விட்டுக் கழுவுகிறார்கள். ஒளி எவ்வளவு மங்குகிறது, சாயம் எவ்வளவு ஊடுருவுகிறது என்று கருவி அளக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்ட எண் 55-ஐத் தாண்டினால் கண்ணைக் கெடுக்கும் பொருள். 3-க்குள் என்றால் வகைப்படுத்தத் தேவையில்லை. இடைப்பட்டது இதில் முடிவாகாது, மனித உயிரணுக்களில் வளர்த்த திசு போன்ற வேறு சோதனைக்குப் போகவேண்டும்.

இந்தியாவில் ஒப்பனைப் பொருள்களை விலங்குகளில் சோதிப்பது 2014 மே மாதமே தடையாகிவிட்டது. அப்படிச் சோதித்தவற்றை இறக்குமதி செய்ய அதே நவம்பரில் தடை. ஆகவே உள்ளூர் ஷாம்பூ பாட்டிலில் ‘விலங்கில் சோதிக்கவில்லை’ என்று முயல் படம் போட்டுக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். சட்டப்படி செய்யவேண்டியதைச் செய்ததற்கு என்ன கூலி? பக்கத்திலேயே ‘கெமிக்கல் இல்லாதது’ என்று இருக்கும். இந்தப் பக்கத்தில் பலமுறை சண்டை போட்ட விஷயம் இது: தண்ணீரும் கெமிக்கல்தான். பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள்.

கண் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, ஏற ஏறக் காரம்) 11.5-ம் அதற்கு மேலும் உள்ளதை முயல் கண்ணில் விடவே வேண்டாம் என்று பழைய சோதனை விதியே சொல்கிறது, கெடுதல் தெரிந்ததுதானே. வெற்றிலைச் சுண்ணாம்பு 12-ஐத் தாண்டும். அதைப் பாக்கெட்டில் அடைத்துக் குழந்தை கைக்கு எட்டும்படி வைக்கிறோம். அமுக்கினால் நேரே கண்ணில் பீய்ச்சும். அமிலம் பட்ட திசு உறைந்து தானே ஒரு தடுப்பாகும். சுண்ணாம்பு போன்ற காரம் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே போகும். உடனே குழாய்த் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம், முடிந்தால் அரை மணி நேரம் கழுவுங்கள். ஒருவர் தலையைப் பிடிக்க, இன்னொருவர் இமையைப் பிரித்துப் பிடிக்கவேண்டும். மேல் இமையைத் திருப்பி, ஒட்டியிருக்கும் துணுக்கை ஈரப் பஞ்சால் எடுங்கள். அது இருக்கும் வரை அரித்துக்கொண்டே இருக்கும். தாய்ப்பால், நெய், எலுமிச்சைச் சாறு எதுவும் கூடாது. கழுவியதும் கண் மருத்துவரிடம் ஓடுங்கள், பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு.