வேலையும் உடம்பும்: டாக்டர் பதில்கள்

கேள்வி: வணக்கம் டாக்டர். செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளை அறுத்துப் பாலிஷ் போடும் பட்டறையில் வேலை செய்கிறேன். வயது 27. ஓனர் துணி மாஸ்க் வாங்கித் தந்திருக்கிறார், தவறாமல் போடுகிறேன். சாயங்காலம் கழற்றிப் பார்த்தால் உள்பக்கமும் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. இருமல், இரைப்பு எதுவும் இல்லை. பயப்பட வேண்டுமா?

பதில்: பதற வேண்டாம். ஆனால் அந்த மாஸ்க்கை நம்பவும் வேண்டாம். உள்பக்கம் வெளுத்திருக்கிறது என்றால் சோதனையை நீங்களே செய்து முடித்துவிட்டீர்கள் தம்பி, ரிசல்ட்டும் கையிலேயே இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற பொடி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியோடு வந்துவிடும். சில மைக்ரான் அளவே உள்ள, கண்ணில் படாத சிலிக்கா (குவார்ட்ஸில் உள்ள கனிமம்) தூள்தான் நுரையீரலின் அடிவரை போகிறது. அதை விழுங்கித் தீர்க்க வரும் செல்கள் தாங்களே செத்துப்போக, அங்கே தழும்பு விழுகிறது. இதுதான் சிலிகோசிஸ். விழுந்த தழும்பை அழிக்க மருந்து கிடையாது. காசநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

கிரானைட்டில் சிலிக்கா பொதுவாகப் பாதி அளவுக்கும் குறைவு. நீங்கள் அறுக்கும் பலகையில் 90 சதவீதத்துக்கு மேல்கூட இருக்கலாம். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தப் பலகைகளையே தடை செய்துவிட்டது. அமெரிக்க விதிப்படி 8 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 0.05 மில்லிகிராம் சிலிக்காதான் இருக்கலாம். காய்ந்த பலகையில் கட்டர் ஓடும் இடத்தில் அந்த அளவெல்லாம் எந்த மூலைக்கு!

ஆகவே ஓனரிடம் முதலில் கேட்க வேண்டியது மாஸ்க் அல்ல, தண்ணீர். பிளேடு கல்லைத் தொடும் இடத்திலேயே, அறுத்து முடியும் வரை நிற்காமல் விழ வேண்டும். நடுநடுவே பாட்டிலால் தெளிப்பது கணக்கில் சேராது. கீழே தேங்கும் குழம்பைக் காயவிடாமல் கழுவித் தள்ளுங்கள், காய்ந்தால் மறுபடி தூசிதான். அடுத்தது, தூசியைப் பிறக்கும் இடத்திலேயே உறிஞ்சும் குழாய். சுவரில் மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன் இதற்கு ஈடாகாது. பல சமயம் அது தூசியை உங்கள் முகத்தைத் தாண்டித்தான் இழுத்துக்கொண்டு போகும். வேலை முடிந்ததும் ஏர் கன்னால் சட்டையை ஊதிக்கொள்ளும் வழக்கம் உங்கள் பட்டறையிலும் இருக்கும் என்றே நினைக்கிறேன். இன்றோடு நிறுத்துங்கள். அடங்கிய தூசியை எழுப்பி மூக்குக்கு நேராக விடுகிற காரியம் அது.

இத்தனையும் செய்த பிறகுதான் மாஸ்க். குறைந்தது என்95. முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும், தாடி இருந்தால் உட்காராது.

இருமல் இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நுரையீரல் பாதி வழி போகும்வரை பேசாது. இப்போதே மார்பு எக்ஸ்ரேயும், ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியும் எடுத்து வையுங்கள். ஆரம்பநிலை பாதிப்பு எக்ஸ்ரேயில் தப்பிவிடுவதுண்டு, அதனால் சி.டி. தேவையா என்று நுரையீரல் மருத்துவரிடம் கேளுங்கள். என்ன கல், எத்தனை வருடம், தண்ணீர் விட்டா விடாமலா என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: கார்களுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கிறேன். வேலை நாட்களில் இரவானால் இரைப்பு, லீவு போட்டால் சரியாகிவிடுகிறது. "போகப் போகப் பழகிவிடும்" என்கிறார் சூப்பர்வைசர்.

பதில்: பழகாது. நேர்மாறாகத்தான் நடக்கும். டூ-பேக் பெயின்ட்டில், அதை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. உடம்பு ஒருமுறை அதற்குச் சிலிர்த்துக்கொண்டால், பிறகு துளியூண்டு பட்டாலே இரைக்கும். சீக்கிரம் விலகியவர்களுக்குத்தான் முழுதாகக் குணமாகும் வாய்ப்பு அதிகம். லீவில் குறைகிறது என்று கவனித்தீர்களே, அதையே எழுத்தில் கொண்டுவாருங்கள். மூச்சை எவ்வளவு வேகமாக ஊதுகிறீர்கள் என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் மருந்துக்கடையில் கிடைக்கும். வேலை நாள், லீவு நாள் இரண்டிலும் தினம் நான்கு முறை ஊதி, நேரத்தோடு எண்ணைக் குறித்து, சில வாரக் கணக்கை மருத்துவரிடம் காட்டுங்கள். வெறும் இன்ஹேலரோடு அனுப்பினால் வேறு மருத்துவரைப் பாருங்கள். "என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்று நோயாளியிடம் கேட்கச் சொல்லி இத்தாலிய மருத்துவர் ரமாஸினி 1700-லேயே எழுதிவிட்டார். எங்கள் ஆட்கள் பலருக்கு இன்னும் அது நாக்கில் வருவதில்லை. ஸ்ப்ரே பூத்துக்குள் சாதாரண மாஸ்க் எதுவும் உதவாது, குழாய் வழியாகச் சுத்தக் காற்று தரும் கவசம் வேண்டும்.

கேள்வி: சிறு தொழிற்சாலை நடத்துகிறேன். பிரஸ் மெஷின் சத்தத்துக்காக எல்லோருக்கும் இயர் பிளக் கொடுத்தேன். பாதிப் பேர் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: ஏன் கழற்றுகிறார்கள் என்று கேட்டீர்களா? பக்கத்து ஆள் கூப்பிடுவது கேட்காது, காது அரிக்கும். இரண்டுமே நியாயமான காரணம்தான். 30 டெசிபல் குறைக்கும் பிளக்கை 8 மணி நேரத்தில் அரை மணி கழற்றினாலே, நடைமுறைப் பலன் 12 டெசிபல் அளவுக்கு இறங்கிவிடும். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்றால் 88-ல் 4 மணி, 91-ல் 2 மணிதான் என்பது ஆராய்ச்சியாளர்கள் பரிந்துரைக்கும் கணக்கு. எனவே சத்தத்தை மெஷினிலேயே குறையுங்கள்: ஆடுகிற தகடுகளை முடுக்குங்கள், அடியில் ரப்பர் மவுண்ட் கொடுங்கள், தேய்ந்த பேரிங்கை மாற்றுங்கள், முடிந்தால் சுற்றிலும் அடைப்பு. பிளக்கைச் செருகவும் யாராவது கற்றுத்தர வேண்டும். விரலால் மெலிதாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலே இழுத்து நுழைத்து, உப்பும்வரை பிடித்திருக்க வேண்டும். காது வாசலில் தொங்கிக்கொண்டிருக்கும் பிளக் காதைக் காப்பதில்லை.

கேள்வி: கணவர் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கும் இடத்தில் வேலை செய்கிறார். வந்ததும் 3 வயது மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள். ஆபத்தா?

பதில்: ஆமாம் அம்மா. சட்டை, முடி, ஷூ எல்லாவற்றிலும் ஈயத்தூள் வீட்டுக்கு வருகிறது. குழந்தைக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய ஈய அளவே கிடையாது. அது மூளை வளர்ச்சியில் கைவைக்கும். இருவருக்கும் ரத்தத்தில் ஈய அளவைப் பாருங்கள், நீங்கள் கர்ப்பமாக இருந்தால் உங்களுக்கும். அவர் வேலையிடத்திலேயே குளித்து, உடை மாற்றி, ஷூவை அங்கேயே விட்டு வர வேண்டும். குளிக்க வசதி செய்து தருவது நிர்வாகத்தின் பொறுப்பு. வேலைத் துணி வீட்டுக்கு வந்தே தீரும் என்றால் உதறாமல் தனியாகத் துவையுங்கள்.

கேள்வி: நாள் முழுக்க லேப்டாப். கழுத்து வலிக்கு விலை உயர்ந்த நாற்காலி வாங்கலாமா?

பதில்: காசை வைத்திருங்கள். லேப்டாப்பைக் கண் மட்டத்துக்கு உயர்த்தித் தனிக் கீபோர்டு, மவுஸ் மாட்டுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். கை மரத்துப்போனாலோ பிடி தளர்ந்தாலோ மட்டும் உடனே மருத்துவரைப் பாருங்கள்.