மாமனார் எந்நேரமும் டி.வி., சாயங்காலமானால் கால் வீக்கம்

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறோம் டாக்டர். மாமனாருக்கு 66 வயது. ரிட்டயர் ஆனதிலிருந்து காலை நியூஸ் தொடங்கி ராத்திரி 12 மணி வரை டி.வி.தான். மூன்று மாத சராசரி சர்க்கரை (HbA1c) 6.6-லிருந்து 7.8 ஆகிவிட்டது. சாயங்காலம் இரண்டு பாதமும் வீங்குகிறது. பி.பி. மாத்திரையும் உண்டு. “கண்ணுதானே கெடும், கண்ணாடி போட்டுக்கறேன்” என்கிறார். மழையைச் சொல்லி வாக்கிங்கும் நின்றுவிட்டது.

பதில்: கண்ணை விடுங்கள். தள்ளி உட்கார்ந்து டி.வி. பார்ப்பதால் கண் கெடாது, இமைக்க மறந்து கொஞ்சம் எரியும், அவ்வளவுதான். உங்கள் மாமனாருக்குப் பிரச்சினை இடுப்புக்குக் கீழே.

சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை நிறைய இழுத்துக்கொள்வது தொடை மாதிரியான பெரிய தசைகள். அவை அசையாமல் கிடந்தால் சர்க்கரை இறங்க நேரமாகும். 2011-ல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, தினமும் கூடுதலாகப் பார்க்கும் ஒவ்வொரு 2 மணி நேர டி.வி.க்கும் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 20 சதவீதம் கூடுகிறது என்றது. மாட்டுங்காவிலிருந்து வருகிற பெரியவர்கள் சிலர், “காலையிலேயே ஃபைவ் கார்டன்ஸைச் சுத்தி வந்துட்டேன், அப்புறம் என் இஷ்டம்” என்பார்கள். 2016-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் 10 லட்சம் பேருக்கு மேல் வைத்துப் பார்த்த கணக்கில், தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகமாக நடந்தவர்களுக்கு உட்கார்ந்திருப்பதின் கெடுதல் ஈடாகிவிட்டது; 5 மணி நேரத்துக்கு மேல் டி.வி. பார்த்தவர்களுக்கு மட்டும் முழுசாக ஈடாகவில்லை. ஏன்? டி.வி. முன்னால் யாரும் வெறுமனே உட்காருவதில்லையே. மடியில் பர்சான் (மிக்சர் மாதிரி கார நொறுக்கு) பாக்கெட் இருக்கும், கை பாட்டுக்குப் போய் வரும், பாக்கெட் காலியான பிறகுதான் குனிந்தே பார்ப்பார்கள். பாக்கெட்டை உள்ளே வைத்துவிட்டு ஒரு சின்னக் கிண்ணத்தில் கொடுங்கள், ராத்திரி சாப்பாட்டை டி.வி.யில்லாத இடத்துக்கு மாற்றுங்கள்.

கால் வீக்கத்துக்கு வருவோம். கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் கீழே இறங்கிய ரத்தம் சரியாக மேலே ஏறும், அதனால் உட்கார்ந்தே இருந்தாலும் வீங்கும்தான். ஆனால் எல்லாப் பழியையும் டி.வி. மேல் போடாதீர்கள். அவருடைய பி.பி. மாத்திரை அம்லோடிபினா என்று அட்டையைப் பாருங்கள், அதுவே பாதத்தை வீங்க வைக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள், சிறுநீரில் புரதம், கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை), ஈ.சி.ஜி. மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால் வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ரிமோட்டை ஒளித்து வைக்கிற வேலை வேண்டாம், மருமகள் அதைச் செய்தால் வீட்டில் வேறு சீரியல் ஆரம்பமாகிவிடும். மகன் பேசட்டும். நம் நாட்டு விதிப்படி சேனல்கள் மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம் (நியூஸ் சேனல்கள் எந்த விதியை மதித்தன!). விளம்பரம் வந்தால் எழுந்து நடக்கணும், அவ்வளவுதான் ஒப்பந்தம். 3 மணி நேரம் பார்த்தால் அரை மணிக்கு மேல் நடை, மழை பெய்தாலும் பில்டிங் பாசேஜ் இருக்கிறது. முக்கியமாகச் சாப்பாடு முடிந்ததும் 10 நிமிடம்.

ராத்திரி விவாதத்தை 10 மணிக்கு முடிக்கச் சொல்லுங்கள், அங்கே கத்துகிற கத்தலில் எவருக்கும் தூக்கம் வராது, தூக்கம் குறைந்தால் மறுநாள் பசியும் சர்க்கரையும் கூடும்.

மூன்று மாத சராசரியை இப்போதே திரும்ப எடுக்காதீர்கள், காசுக்குத்தான் கேடு. இதெல்லாம் தொடங்கி மூன்று மாதம் ஆனதும் எடுங்கள். அதுவரை வாரத்தில் இரண்டு நாள், சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து 2 மணி நேரம் கழித்து வீட்டு மெஷினில் பார்த்து எழுதி வைத்தால் போதும்.