பணம் மட்டும் வீட்டுக்குள் வரலாமா?

கேள்வி: எனக்கு வயது 39. மனைவியும் ஒரு மகளும் இருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஆபாசப் படம் பார்க்கும் பழக்கம் உண்டு. மனைவிக்குத் தெரியாது. அம்மா படுத்த படுக்கையாக இருப்பதால், இரவில் மருந்து கொடுக்க நான்தான் விழித்திருப்பேன். (மருந்துச் செலவு தங்கை அனுப்பும் பணத்தில் ஓடுகிறது, அம்மாவுக்குத் தெரியாது. அவள் சீரியலில் நடிக்கப் போனதிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அது வேறு விஷயம்.) அந்த நேரத்தில்தான் போனில் பார்ப்பேன். போன வாரம் அப்படித் தேடும்போது, அமெரிக்காவில் அந்தப் படங்களில் நடிப்பவர்களைப் பற்றிய ஓர் ஆவணப்படம் கிடைத்தது. அதில் ஒரு பெண், தொழிலை விட்ட பிறகு அண்ணனுக்கு போன் செய்ததாகவும், குரலைக் கேட்டதுமே அவர் வைத்துவிட்டதாகவும் சொல்லி அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் படங்களைப் பார்க்க மனம் வரவில்லை. இத்தனை வருடம் பார்த்த நான் பாவியா? மனைவியிடம் சொல்லிவிடலாமா? ஓர் அண்ணனால் எப்படி அப்படி இருக்க முடிகிறது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, ஆவணப்படம் பார்த்து அழுதுவிட்டுக் கடிதம் எழுதும் ஆண்கள் எனக்குப் புதிதில்லை. பார்த்த சூட்டோடு எழுதுவார்கள். கேள்விகளும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் வரும்: நான் பாவியா, மனைவியிடம் சொல்லவா, இந்த உலகம் ஏன் இப்படி. 'நீங்கள் நல்லவர், அதனால்தான் கண் கலங்கியது' என்று நான் எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். எழுதப்போவதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த அடைப்புக்குறிதான். அதிலும் இரண்டே சொற்கள். 'அம்மாவுக்குத் தெரியாது.'

எது தெரியாது? மருந்து வருகிறது என்பது அவருக்குத் தெரியும், தினமும் விழுங்குகிறாரே. காசில்லாமல் மருந்து வராது என்பதும் தெரியும். அப்படியானால் யார் காசு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்? உங்கள் காசு என்றுதானே? ராத்திரி மாத்திரையைக் கையில் வாங்கும்போது 'என் மகன் என்னைக் காப்பாற்றுகிறான்' என்று நினைக்கிறார். ஒருவேளை வாய்விட்டும் சொல்கிறார். நீங்கள் மறுத்ததே இல்லை. தங்கையோடு பேச்சை நிறுத்தியதோடு விடவில்லை, அவள் அம்மாவுக்குச் செய்வதையும் உங்கள் கணக்கில் எழுதிக்கொண்டீர்கள். அப்புறம் 'ஓர் அண்ணனால் எப்படி முடிகிறது' என்று என்னிடம் கேட்கிறீர்கள். இதை நான் எப்படிச் சொல்ல? எப்படி முடிகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அந்த அமெரிக்க அண்ணனாவது குரலைக் கேட்டதும் போனை வைத்தார். அவளிடமிருந்து பணம் வாங்கிக்கொண்டு வைத்ததாக நீங்கள் எழுதவில்லை.

சீரியலில் நடிப்பதும் அந்தத் தொழிலும் ஒன்றா என்று உங்களுக்குக் கோபம் வரும். ஒன்று என்று நான் எங்கே சொன்னேன்? இரண்டையும் ஒரே தண்டனையில் கொண்டுபோய் நிறுத்தியது உங்கள் வீடு. அந்தப் பெண்ணுக்கு அவள் வீட்டில் என்ன கிடைத்ததோ, அதேதான் உங்கள் தங்கைக்கும் கிடைத்திருக்கிறது. சரி, ஒரு பேச்சுக்கு உங்கள் தங்கை அந்தத் தொழிலுக்கே போயிருந்தாலும் என் பதில் மாறாது. எனக்கு அந்தத் தொழில் பிடிக்காது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் போன பிள்ளை திரும்பி வந்து நிற்க ஒரு வாசல் இருக்க வேண்டும். அதைத் திறந்து வைப்பதுதான் பெற்றவர்களும் கூடப்பிறந்தவர்களும் செய்ய வேண்டிய முதல் வேலை. அதைக்கூடச் செய்யாதவர்கள் குடும்ப கௌரவத்தைப் பற்றிப் பேசினால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

பார்த்த ஆவணப்படத்தைச் சரியாகப் பார்த்தீர்களா என்றும் எனக்குச் சந்தேகம். நீங்கள் கண்ணீரைப் பார்த்தீர்கள். அந்தக் கண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தீர்களா? அந்தத் தொழில் பெரும்பாலும் வேரூன்றியது லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில். 1988இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட படத்தில் நடிக்கக் கூலி கொடுப்பது பாலியல் தொழிலுக்கு ஆள் பிடித்த குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது. அதோடு சட்டத்தின் கண்ணில் அது பிழைப்பாகிவிட்டது. ஊரும் உறவும் அப்படி எடுத்துக்கொண்டதா? பெரும்பாலோர் வேறு பெயரில் நடிக்கிறார்கள். வீட்டுப் பெயர் கெட்டுவிடக் கூடாது என்ற நினைப்பும் அதற்கு ஒரு காரணம். தங்களை விலக்கிய வீட்டின் மானத்தைக்கூட அவர்கள் காப்பாற்றிக் கொடுக்கிறார்கள். தொழிலை விட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பதை மட்டுமே வைத்து 2012இல் 'ஆஃப்டர் போர்ன் எண்ட்ஸ்' என்றொரு ஆவணப்படம் வந்தது. சொல்வதற்கு அவ்வளவு மிச்சம் இருந்தது போலிருக்கிறது, இன்னும் இரண்டு பாகங்கள் எடுத்தார்கள். வேலையை விட்டுவிடலாம், படம் இணையத்தை விட்டுப் போவதில்லை. புதிதாகச் சேர்ந்த இடத்தில் யாரோ ஒருவன் முகத்தை அடையாளம் கண்டுகொள்கிறான். அவன் எங்கே பார்த்தான், எப்படிப் பார்த்தான் என்று யாரும் அவனைக் கேட்பதில்லை. தலைகுனிவு முழுக்க அவளுக்கு.

'நான் பாவியா' என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். பாவ புண்ணியக் கணக்கு பார்ப்பது என் வேலை இல்லை. காசுக் கணக்கைச் சொல்கிறேன். அங்கே பொதுவாகக் கூலி காட்சிக்கு இவ்வளவு என்று ஒரே தடவைதான். அதற்குப் பிறகு அந்தக் காட்சியை உலகமே திரும்பத் திரும்பப் பார்த்தாலும் நடித்தவருக்கு அதில் பங்கு வருவதில்லை. நீங்கள் நள்ளிரவில் இலவசத் தளத்தில் பார்த்தது அவள் அடுப்பை எரிக்கவில்லை. இன்னொன்று, திரையைப் பார்த்து யார் விரும்பி நடித்தார், யார் ஏமாந்து மாட்டினார் என்று சொல்லவே முடியாது. விரும்பித்தான் செய்கிறோம், எங்களுக்காக யாரும் அழ வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்பவர்களும் அந்தத் தொழிலில் உண்டு, அதையும் நான் நம்புகிறேன். ஆனால் சான் டியேகோவில் நடந்த வழக்கைப் பாருங்கள். மாடலிங் வேலை என்று விளம்பரம் கொடுத்து இளம்பெண்களை வரவழைத்தார்கள். டிவிடியாக வெளிநாட்டில் மட்டும்தான் விற்போம், இணையத்தில் வரவே வராது என்று சத்தியம் செய்தார்கள். வந்தது. சொந்தக்காரர்கள், உடன் படித்தவர்கள் என்று எல்லோர் கைக்கும் போனது. 22 பெண்கள் வழக்குப் போட்டார்கள். 2020 ஜனவரியில் நீதிமன்றம் அவர்களுக்கு ஒரு கோடியே 27 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. அந்த வீடியோக்களைப் பார்த்த ஆண்களுக்கு அந்தப் பெண்களின் முகத்தில் எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. உங்களுக்கும் தெரிந்திருக்காது. நிறுத்த இந்த ஒரு காரணம் போதும். நிறுத்துங்கள், அதற்கு என் அனுமதி எதற்கு?

இன்னொரு செய்தியையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்தத் தொழிலில் நடித்துவிட்டு வெளியே வந்த ஷாரன் மிட்செல் என்ற பெண்மணி, 1998இல் நடிப்பவர்களுக்கென்றே ஒரு மருத்துவ அமைப்பைத் தொடங்கினார். எச்ஐவி, பால்வினை நோய்ப் பரிசோதனைதான் முக்கிய வேலை. 2004இல் எச்ஐவி தொற்று கண்டுபிடிக்கப்பட்டபோது, யாரோடு யார் நடித்தார்கள் என்று தேடிப் பிடித்துப் பரிசோதித்தது அந்த அமைப்புதான். படப்பிடிப்பையும் நிறுத்தி வைத்தார்கள். 2011இல் அது மூடப்பட்டது, ஆனால் குறிப்பிட்ட நாளுக்கொரு முறை பரிசோதனை என்ற வழக்கம் நின்றுவிடவில்லை. கூடப்பிறந்தவர்கள் கைவிட்ட இடத்தில் கூட வேலை பார்த்தவள் வந்து நின்றாள். படித்தபோது எனக்கு அவர்கள் மேல் இரக்கம் வரவில்லை, மரியாதை வந்தது. கூடவே, அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டிய அண்ணன் தம்பிகள் மேல் ஆத்திரமும் வந்தது.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். டிவியில் தங்கை வரும் நேரத்தில் சேனலை மாற்றுகிறீர்களா? உங்கள் மகளுக்குத் தன் அத்தை யாரென்று தெரியுமா? தெரியாது என்றால், நாளைக்கு அவள் ஒரு முடிவெடுத்து அது உங்களுக்குப் பிடிக்காமல் போனால் என்ன நடக்கும் என்பதை இந்த மௌனத்தில் அவள் இப்போதே படித்துக்கொண்டிருக்கிறாள். பெண் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மனைவியிடம் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். சொல்லலாம். ஆனால் உங்கள் மனப்பாரத்தை அவர் தலையில் இறக்கிவைத்துவிட்டு நீங்கள் நிம்மதியாகத் தூங்குவதற்காக என்றால் வேண்டாம். இனி பார்ப்பதில்லை என்று முடிவெடுத்து, அதில் சில காலம் நின்று காட்டிவிட்டுச் சொல்லுங்கள். அவர் கோபப்பட்டால் பட்டுத்தான் ஆக வேண்டும். இதற்கு மேல் அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது உங்கள் அம்மாவிடம். இன்றைக்கு ராத்திரி மாத்திரை கொடுக்கும்போதே சொல்லுங்கள், இது உன் மகள் வாங்கித் தருவது, இத்தனை நாளாக அவள்தான் தருகிறாள் என்று. 'அம்மா தாங்க மாட்டார், உடம்பு சரியில்லாதவர்' என்று ஒரு சாக்கு இப்போதே உங்கள் நாக்கு நுனியில் இருக்கும். உடம்பு சரியில்லாதவர் என்பதால்தான் இன்றைக்கே சொல்லச் சொல்கிறேன். பெற்ற மகள் தன்னை மறந்துவிட்டாள் என்ற நினைப்போடு அந்த அம்மா கண்ணை மூடினால், அது உங்களால் நடந்ததாகத்தான் இருக்கும்.

அப்புறம் தங்கைக்கு போன் செய்யுங்கள். அந்த ஆவணப்படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. 'ஒரு படம் பார்த்தேன், உன் ஞாபகம் வந்தது' என்று ஆரம்பித்தீர்களானால் அவள் போனை வைத்துவிடுவாள், நான் அவள் பக்கம்தான் நிற்பேன். அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், அம்மா உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார், எப்போது வருகிறாய் என்று கேளுங்கள். அவள் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். எடுக்கவே இல்லையென்றால் மறுநாள் மறுபடி கூப்பிடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். இதைப் படித்ததும் ரோஷம் வந்து, 'இனி உன் பணம் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று அவளிடம் சொல்லத் தோன்றும். அந்தப் பணம் உங்களுக்கு வருவதில்லை, அம்மாவுக்கு வருகிறது. அதை வேண்டாம் என்று சொல்ல நீங்கள் யார்?