இரண்டாம் உலகப் போரில் பீரங்கிச் சண்டை போடாமலேயே பெரிய வேலை செய்த கப்பல் எது?

என்னோட பதில் அமெரிக்க கடற்படையோட வெஸ்டல். இது ஒரு ரிப்பேர் ஷிப், அதாவது மிதக்குற ஒர்க்ஷாப். லேத், வெல்டிங், வார்ப்புப் பட்டறை, தச்சு வேலை, தண்ணிக்குள்ள இறங்கி வேலை பாக்குற டைவர்கள்னு எல்லாமே ஒரே கப்பல்ல இருக்கும். 1908ல நிலக்கரி சுமக்குறதுக்காக கடல்ல இறக்குன கப்பல் இது, அப்புறம் பாஸ்டன் யார்டுல மாத்தி அமைச்சு 1913ல ரிப்பேர் கப்பலா ஆக்குனாங்க.

வெஸ்டல்னு தேடுனா எல்லாரும் பேர்ல் ஹார்பரோட நிறுத்திடறாங்க, எனக்கு அதுல பெரிய வருத்தம். ஆனா அந்த நாளைச் சொல்லாம போகவும் முடியாது. 1941 டிசம்பர் 7 காலைல, ஹவாய்ல இருக்குற பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் விமானங்கள் தாக்கினப்போ, அரிசோனா போர்க்கப்பல் பக்கத்துலயே ஒட்டிக் கட்டி நின்னுச்சு வெஸ்டல். ரெண்டு குண்டு அது மேல விழுந்துச்சு, அதுல ஒண்ணு அடிப்பாகம் வரைக்கும் துளைச்சுட்டு வெளிய போயிடுச்சு. கொஞ்ச நேரத்துல அரிசோனா வெடிச்சப்போ அந்த அதிர்ச்சியில கேப்டன் காசின் யங் உள்பட நிறைய பேர் கடல்ல தூக்கி வீசப்பட்டாங்க. கப்பலை விட்டு வெளியேறுங்கன்னு ஆர்டரும் வந்தாச்சு. யங் எரியுற எண்ணெய் நடுவுல நீந்தி வந்து, மேல ஏறி, அந்த ஆர்டரை ரத்து பண்ணிட்டு கப்பலை நகர்த்தச் சொன்னாரு.

அதே நேரத்துல ஜோ ஜார்ஜ்னு ஒரு மாலுமி, அரிசோனாவோட உயரமான மேடையில உடம்பெல்லாம் வெந்துபோய் மாட்டிக்கிட்டு இருந்த ஆறு பேரைப் பாத்து கயிறை வீசினாரு, ஏற்கனவே அவர்கிட்ட ரெண்டு கப்பலுக்கும் நடுவுல இருக்குற கயிறெல்லாம் வெட்டிவிடுன்னு ஒரு அதிகாரி சொல்லியிருந்தாரு, அதையும் மீறித்தான் வீசினாரு. அந்த ஆறு பேரும் தீக்காயத்தோட, கீழ நெருப்பு எரிய, கிட்டத்தட்ட 70 அடி தூரம் கயித்தைப் புடிச்சு கைமாத்தி கைமாத்தி தொங்கிக்கிட்டே வெஸ்டலுக்கு வந்து சேர்ந்தாங்க. ஜோ ஜார்ஜ் 1996ல இறந்துட்டாரு, மெடல் குடுத்தது 2017ல. அப்படி தப்பிச்சவங்கள்ல டொனால்ட் ஸ்ட்ராட்டன், லாரன் ப்ரூனர் ரெண்டு பேரும் தள்ளாத வயசுலயும் இதுக்காக விடாம அலைஞ்சாங்க, அவங்களுக்கு என் கும்பிடு.

ஒரு டக் படகு (tug, பெரிய கப்பல்களை இழுக்குற சின்னப் படகு) வந்து வெஸ்டலோட முன்பக்கத்தை இழுத்து விலக்குச்சு. அந்த டக்கை ஓட்டுனவர் சில மாசம் முன்னாடி வரைக்கும் வெஸ்டல்லயே வேலை பாத்தவராம். பின்பக்கம் தண்ணி ஏறிக்கிட்டே இருந்ததால யங் கப்பலை பக்கத்துல இருந்த ஐயேயா (Aiea) கரைப் பக்கம் கொண்டுபோய் தரை தட்ட வெச்சாரு, மூழ்காம தப்பிச்சுச்சு. யார்டுல ஏகப்பட்ட அடிபட்ட கப்பல் வரிசையில நின்னதால தங்களோட கப்பலை பெரும்பாலும் அவங்களே சரி பண்ணிக்கிட்டாங்க.

நான் முக்கியமா சொல்ல வந்தது இதுக்கு அப்புறம் நடந்தது. 1942 ஆகஸ்ட்ல தென் பசிபிக்ல இருக்குற டோங்கா தீவுகளுக்குப் போச்சு. அங்க சுமார் 60 நாள்ல 58 கப்பல்களுக்கு 963 வேலை. பவளப்பாறையில அடி கிழிஞ்ச சவுத் டகோட்டா போர்க்கப்பல், டார்பிடோ (தண்ணிக்குள்ள பாஞ்சு வந்து வெடிக்குற குண்டு) வாங்கின சாரடோகா விமானந்தாங்கி எல்லாம் அதுல அடக்கம். இந்த வேலை அங்க நடக்கலைன்னா ஒவ்வொரு கப்பலும் அடிபட்ட நிலையிலயே பசிபிக்கைத் தாண்டி ஹவாய் வரைக்கும் போகணும், வாரக்கணக்குல போயிடும்.

அக்டோபர் கடைசியில ஜப்பான்கூட நடந்த சாண்டா க்ரூஸ் கடல் சண்டையில ஹார்னெட் விமானந்தாங்கி மூழ்கிடுச்சு, இன்னொரு விமானந்தாங்கியான என்டர்பிரைஸ் குண்டடி பட்டு, வெஸ்டல் நின்ன நூமியா துறைமுகத்துக்கு (நியூ கலிடோனியா தீவு) வந்துச்சு. அந்தப் பக்கத்துல சண்டைக்குப் போக அமெரிக்காகிட்ட இருந்த விமானந்தாங்கிக் கப்பல் அப்போ அது ஒண்ணுதான். வேலை முடியுறதுக்குள்ள ஜப்பான்கூட சண்டை நடந்துக்கிட்டிருந்த குவாடல்கனால் தீவுல நெருக்கடி வந்துடுச்சு, அதனால நவம்பர்ல அது கிளம்பினப்போ வெஸ்டல் ஆளுங்க உள்ளேயே இருந்து வெல்டிங் அடிச்சுக்கிட்டே சண்டைக்குப் போனாங்க! பட்டறையில நின்ன யாருக்கும் இது புல்லரிக்கும். அதே சண்டையில நவம்பர் 13 அன்னைக்கு, வெஸ்டலை விட்டு மாறி சான் பிரான்சிஸ்கோ கப்பலோட கேப்டனா இருந்த காசின் யங் உயிரை விட்டாரு.

அப்புறம் வெஸ்டல் தென் பசிபிக்ல எஸ்பிரிட்டு சாண்டோ தீவுல ஒரு வருஷம் நங்கூரம் போட்டு 279 கப்பல்களுக்கு 5,603 வேலை. டார்பிடோ அடியில பின்பக்கம் சிதைஞ்சு வந்த பென்சகோலா போர்க்கப்பலை, டிரை டாக் (தண்ணியை வெளியேத்திட்டு கப்பலோட அடியை ரிப்பேர் பண்ற தொட்டி) இல்லாமலே கடல் தாண்டி ஊர் போற அளவுக்குத் தேத்தி அனுப்பினாங்க. இதைத்தான் நான் அவங்க செஞ்சதுலயே பெரிய வேலைன்னு சொல்வேன். பிறகு பசிபிக் தீவுகளான ஃபுனாஃபுட்டி, உலிதி, கடைசியா ஜப்பானோட ஒகினாவா பக்கம் கெராமா தீவுகள்ல கமிகாசே (தன்னையே மோதி அழிச்சுக்குற ஜப்பான் விமானங்கள்) அடிச்ச கப்பல்களுக்கு ஒட்டு போட்டாங்க.

1946ல ஓய்வு, 1950ல பழைய இரும்புக்கு வித்துட்டாங்க. வெஸ்டலைப் பாக்க இனி வழியில்ல, ஆனா கேப்டன் பேரை வெச்ச காசின் யங் டிஸ்ட்ராயர் பாஸ்டன்ல மியூசியமா நிக்குது, வெஸ்டலை மாத்தி அமைச்ச அதே யார்டுலதான். அந்தப் பக்கம் போறவங்க தவறாம ஏறிப் பாருங்க.